கொழுந்தும் ஆய்வுகூடமும்

பூர்வகுடி மக்களின் பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தை அவர்தம் பண்பாட்டின் வழியாகவே புகட்ட வேண்டும் என்ற குரல் இன்று உலகின் பல திசைகளிலும் ஒலிக்கின்றது. அலாஸ்காவின் பனிவெளியிலும், நியூசிலாந்தின் மாவோரிப் பள்ளிகளிலும், ஹவாய்த் தீவுகளிலும் இந்தக் குரல் திட்டங்களாக உருப்பெற்றிருக்கின்றது. 2007-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய பூர்வகுடி மக்களின் உரிமைப் பிரகடனம், தம் மொழியில், தம் பண்பாட்டுக்கு இயைந்த முறையில் கற்கவும் கற்பிக்கவும் அம்மக்களுக்குள்ள உரிமையை ஒப்புக்கொண்டது. கோரிக்கை நியாயமானது. ஆனால் இந்த நியாயமான கோரிக்கையை நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றின் வாயிலிலே கொண்டுவந்து நிறுத்தினால், அது என்ன பொருள்படும்? யாருக்கு உதவும்? இவ்வினாவை எழுப்பாமல் வேறு நாட்டுத் திட்டங்களைப் புகழ்ந்துகொண்டிருப்பதில் பயனில்லை.

மலையகத் தமிழர் பூர்வகுடிகள் அல்லர். இந்நாட்டில் அப்பெயருக்கு உரியவர் தம்பானையிலும் கீழ்க்கரையின் சில ஊர்களிலும் வாழும் வேடுவ மக்களே. மலையக மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மூன்றாம் தசாப்தந்தொட்டுத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். முதலில் கோப்பிக்காக, பின்னர் தேயிலைக்காக. 2023-ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்கள் நடந்து சென்றது அந்த இருநூறு ஆண்டுகளை நினைவுகூரத்தான். எனவே முன்னோர் விட்டுச்சென்ற காடு என்றோ, கடல் என்றோ இவர்களுக்குச் சொந்தமாக ஒன்றுமில்லை. தாம் உண்டாக்கிய நிலத்தில் ஒரு முழமும் தமதில்லை. அப்படியானால் இம்மக்களின் பாரம்பரியம் எது? விடை சொல்ல விரைபவர் உடனே காமன் கூத்தையும், அர்ச்சுனன் தபசையும், பொன்னர் சங்கரையும் சுட்டுவர். அவை உண்மையான செல்வங்களே, அதில் ஐயமில்லை. எனினும் மாசி மாதத்துச் சில இரவுகளில் ஆடப்படுவது கூத்து. ஆண்டின் ஏனைய நாட்களெல்லாம் விடியற்காலை தொட்டுச் செய்யப்படுவது வேலை. இருநூறு ஆண்டுகளாகத் தலைமுறைக்குத் தலைமுறை கைமாறி வந்த மிகப் பெரிய பாரம்பரியம் அந்த வேலையும் அதனுள் அடங்கிய அறிவுமேயாகும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. 'வேலையோடு இணைந்த கல்வி' என்ற சொல்லை மலைநாட்டில் முதன்முதலாகச் சொன்னவர்கள் நாமல்லர், துரைமார்கள். தோட்டப் பிள்ளைகளுக்கு ஆரம்பக் கல்வி அளிக்க வேண்டிய கடமையை 1907-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தோட்ட நிர்வாகங்களின்மேல் சுமத்தியது. அந்தக் கல்வி எத்துணை இருக்க வேண்டும், எங்கே முடிய வேண்டும் என்பதில் தோட்டத்துரை மிகத் தெளிவாக இருந்தான். பெயர் எழுதலாம், எண் கூட்டலாம். அதற்குமேல் படித்தவன் கூடை தூக்க வரமாட்டான். ஓர் அறை, ஓர் ஆசிரியர், கொழுந்துக் காலத்தில் பாதி வெறுமையாகும் வாங்கு - இதுவே பல்லாண்டுகளாகத் தோட்டப் பாடசாலையாக இருந்தது. 1945-இல் கன்னங்கரா கொணர்ந்த இலவசக் கல்வி நாடு முழுவதையும் அசைத்தபோது, லயங்களின் பக்கம் அது திரும்பிப் பார்க்கவில்லை. 1948-இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக எவன் வாதாடுவான்? 1972-இலும் 1975-இலும் தோட்டங்கள் தேசியமயமான பின்னரே, எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து, அப்பாடசாலைகளை அரசு படிப்படியாகத் தன் பொறுப்பில் எடுத்தது. ஏனைய பகுதிகளின் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் கற்று ஒரு தலைமுறை கடந்துவிட்ட வேளையில், மலையகப் பிள்ளைக்கு அரசுப் பாடசாலையின் கதவு திறந்தது.

ஆகையால் 'தோட்டப் பிள்ளைக்குத் தோட்டத்தைச் சார்ந்த விஞ்ஞானம்' என்று யாரேனும் சொன்னால், அதை இரண்டு முறை உரசிப் பார்க்கும் உரிமை நமக்குண்டு. தேயிலையைக் கொண்டு தாவரவியல் கற்பிப்பது ஒன்று. தேயிலைக்கு வேண்டிய அளவு மட்டுமே தாவரவியல் கற்பிப்பது வேறொன்று. முன்னது பிள்ளையை ஆய்வுகூடத்துக்கு அழைத்துச் செல்லும். பின்னது அவனை அவன் தந்தையின் கவ்வாத்துக் கத்தியிடமே திருப்பி அனுப்பும். இரண்டும் ஒரே பெயரில் உலவக்கூடியவை என்பதே ஆபத்து.

இந்தப் பிரிவினையைக் கண்ணால் காண விரும்புவோர் தலவாக்கலைக்குச் செல்லலாம். 1925-இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் அங்கே சென் கூம்ஸ் தோட்டத்திலே இருக்கிறது. உலகின் தேயிலை விஞ்ஞானத்தில் பெயர்பெற்ற நிலையம் அது. தேயிலைத் தளிர்களைச் சுருட்டித் தின்னும் புழுவை அடக்க ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியினத்தை முப்பதுகளின் நடுவில் கொண்டுவந்து விட்டார்கள். நஞ்சு தெளிக்காமலே பூச்சியை வென்ற அந்த முயற்சியை உயிரியல் கட்டுப்பாட்டு நூல்கள் இன்றும் எடுத்துக்காட்டுகின்றன. ஒற்றை இலையும் சிறு தண்டுமாக வெட்டிய துண்டிலிருந்து முழுச்செடியை வளர்க்கும் முறை தோட்டங்களிலெல்லாம் பரவியதும் அந்நிலையத்தின் உழைப்பினால்தான். அத்துண்டுகளை நாற்றுமேடையில் நட்டு, நிழல் கொடுத்து, நீர் தெளித்து வளர்த்த விரல்கள் யாருடையவை? பெரும்பாலும் லயத்துப் பெண்களுடையவை. நுண்ணோக்கியின் ஒரு பக்கத்தில் விஞ்ஞானம் இருந்தது, மறுபக்கத்தில் கூலி இருந்தது. இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு பாடசாலை இருந்திருக்க வேண்டும். அது அங்கே இல்லை.

நம் இலக்கியத்துக்கும் இதில் ஒரு பங்குண்டு என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் கடந்துபோக முடியவில்லை. மலையகத்தைப் பாடிய கவிஞர்களும் எழுதிய கதாசிரியர்களும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் கண்ணீரை நமக்குக் காட்டினார்கள். அவள் காலில் வழியும் இரத்தத்தை, அட்டைக் கடியை, ஒழுகும் கூரையை, கங்காணியின் வசையைக் காட்டினார்கள். இவையெல்லாம் சொல்லப்பட வேண்டியவையே. சொன்னவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அவளுக்கு என்ன தெரியும் என்று கேட்டவர் மிகச் சிலரே. அவள் இரக்கத்துக்குரியவளாகவே நம் ஏடுகளில் நின்றுவிட்டாள். வட்டகொடையின் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947-இல் தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தபோது அவற்றை நாம் சோகப் பாடல்களாகவே வாசித்தோம். நிறுவையில் நடக்கும் மோசடியைக் கணக்கறிந்து கேலி செய்யும் மனத்தை, மலையையும் மழையையும் காற்றையும் பிரித்தறியும் கண்ணை அவற்றில் தேடும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. அழுபவளை அறிவுடையவளாகக் காணாத இலக்கியம், அவள் பிள்ளையை விஞ்ஞானியாகக் காணாத பாடத்திட்டத்துக்குத் தூரத்து உறவு என்றே நாம் கருதுகிறோம்.

சரி, அவளுக்கு என்ன தெரியும்?

இரண்டு இலையும் ஓர் அரும்பும் கிள்ள வேண்டும் என்பது தேயிலைப் பெட்டியின் மேலட்டையைப் பார்த்த எவருக்கும் தெரியும். ஏன் கிள்ள வேண்டும்? உச்சியிலுள்ள மொட்டு தனக்குக் கீழேயுள்ள மொட்டுகளை எழவிடாமல் அடக்கி வைக்கிறது. அதைக் கிள்ளி எறிந்தால் பக்கவாட்டு மொட்டுகள் துளிர்க்கும். தாவர ஓமோன்களைப் பற்றிய பாடத்தில் ஒட்சின் என்ற பொருளைக் கண்டறிந்த கதை வரும். ஓட்ஸ் பயிரின் முளைக்குருத்தை வெட்டிச் செய்த பரிசோதனைகளை மாணவன் மனனம் செய்வான். ஹற்றனிலோ பொகவந்தலாவையிலோ பிறந்த பிள்ளை ஓட்ஸ் முளைப்பதைக் கண்டதில்லை. ஆனால் அதே தத்துவத்தின்மேல் எழுப்பப்பட்ட ஒரு தொழில் அவன் வீட்டு வாசலிலிருந்து மலையுச்சி வரை விரிந்து கிடக்கிறது. ஒரு வாரம் கழித்து அதே செடிக்குத் திரும்பும்போது எங்கே துளிர் வந்திருக்கும், எந்தத் தளிர் உறங்கிப் போயிருக்கும், அந்த உறங்கிய தளிரை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் அவன் தாயின் விரல் நுனியில் இருக்கின்றன. கொழுந்து மட்டம் ஏறாமல் இருக்கச் செடியின்மேல் அவள் கிடத்தும் மட்டக்கம்பு கேத்திரகணிதம் அல்லவா? சரிந்த மலையில், சரிவுக்கு இணையாக ஒரு தளத்தைக் கம்பு ஒன்றினால் காத்து வருவது சிறு காரியமன்று.

கொழுந்து ஸ்டோருக்குப் போனபின் நடப்பதைப் பாருங்கள். வாட்டுகிறார்கள், அரைக்கிறார்கள், பரப்பி வைக்கிறார்கள், பிறகு சூட்டில் உலர்த்துகிறார்கள். பரப்பி வைத்த இலை செம்பு நிறமாவதைத் தொழிற்சாலையில் 'பெர்மென்டிங்' என்பார்கள். நொதித்தல் என்று அதைத் தமிழாக்கி எழுதுவோரும் உளர். உண்மையில் அங்கே மதுவம் இல்லை, நுண்ணுயிரின் வேலை இல்லை. அரைக்கும்போது இலையின் கலங்கள் உடைகின்றன. அவற்றிலிருந்த நொதியம் காற்றிலுள்ள ஒட்சிசனின் துணையோடு இலைச்சாற்றின் பொலிபீனோல்களை மாற்றுகிறது. அது ஒட்சியேற்றம். வெட்டி வைத்த வாழைக்காய் கறுப்பதும் இதே வினைதான். ஒரு தொழிலே தன் செயலுக்குப் பிழையான பெயர் வைத்துக்கொண்டு நூறாண்டு நடந்து வந்திருக்கிறது என்று பத்தாம் வகுப்பு மாணவன் கண்டறிந்தால், அன்றைக்கு அவன் கற்பது இரசாயனம் மட்டுமன்று. பெரிய இடத்தில் சொல்லப்படுவதெல்லாம் உண்மையாகிவிடாது என்பதையும் கற்பான்.

இன்னொன்று, கணக்கு. பச்சைக் கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஏறத்தாழ நான்கரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகின்றது. ஒரு நாளில் 20 கிலோ பறித்தவளின் கூடையிலிருந்து நாலரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான தேயிலை கிடைக்கும். மழைநாளில் இலைமேல் ஒட்டிய நீருக்காகக் கழிப்பார்கள், கூடைக்காகக் கழிப்பார்கள். அந்தக் கழிவு நேர்மையானதா? நனைந்த கொழுந்தை நிறுத்து, துடைத்து, மறுபடி நிறுத்தால் விடை கிடைத்துவிடும். ஒரு தராசும் ஒரு துணியும் போதும். வீதம், நூற்றுவீதம், அளவீட்டுப் பிழை, சராசரி ஆகிய இத்தனையும் ஒரே பாடத்தில் அடங்கும். இப்பாடத்தை நடத்த விரும்பாதவர் யார் என்பதை ஆசிரியர்களே ஊகித்துக்கொள்ளட்டும்.

தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் என்று எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அமுக்கம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே அங்குள்ள பானையில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகக் கூடுதல் நேரமும் விறகும் பிடிக்கின்றன என்பது வீட்டிலுள்ளவர்களுக்குத் தெரியும், காரணம் தெரியாது. பிள்ளைக்கோ காரணம் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் தன் வீட்டுப் பருப்பைப் பற்றியே அந்தப் புத்தகம் பேசுகிறது என்பது தெரியாது. வெப்பமானியைக் கையில் கொடுத்து அளக்கச் சொன்னால், பிழையாக அளந்துவிட்டோம் என்று அஞ்சி 100 என்றே எழுதிவிடும் பிள்ளைகள் இருப்பார்கள். பரீட்சைக்குப் பயந்து தன் கண்ணையே மறுக்கப் பழக்கும் கல்விக்கு விஞ்ஞானக் கல்வி என்று பெயர் சூட்டியிருக்கிறோம்.

தப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தப்பு அடிக்குமுன் அதை நெருப்பில் காய்ச்சுவார்கள். மலைநாட்டுப் பனியில் தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும், ஓசை மந்தமாகும். சூட்டில் ஈரம் போய்த் தோல் இறுகும், அதிர்வெண் உயர்ந்து ஓசை கணீரென்று எழும். ஒலியியலைத் தொடங்க இதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனால் இக்கருவி வகுப்பறைக்குள் வரும்போது தனியாக வராது. விடியுமுன் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக் களத்துக்கு அழைத்ததும் தப்பின் ஒலிதான். தப்பு அடித்தவரை ஏனைய தொழிலாளரே சாதி சொல்லி ஒதுக்கினர் என்பதும் உண்மை. பாரம்பரியம் என்று சொல்லி மாலை சூட்டும்போது இவற்றை மறைப்பது பொய்யாகும். தப்பை மேசைமேல் வைத்து அதிர்வெண்ணைப் பேசும் ஆசிரியர், அதைத் தொடக் கூசும் கை தன் வகுப்பில் இருக்கிறதா என்பதையும் கவனிக்கத்தான் வேண்டும்.

இவ்வளவும் சொன்னதனால், எல்லா விஞ்ஞானமும் நம் முன்னோரிடம் இருந்தது என்று கூறும் கூட்டத்தில் எம்மைச் சேர்த்துவிட வேண்டாம். அக்கூட்டம் இன்று இந்தியாவிலும் இலங்கையிலும் பெருகி வருகிறது. புராணத்தில் விமானத்தைத் தேடுவோர் அவர்கள். உழைப்பாளியின் அறிவு பெரிது. அதற்கு எல்லையும் உண்டு. 1869-இல் இந்நாட்டுக் கோப்பித் தோட்டங்களில் இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் தோன்றியபோது அதைத் துரையும் அறியவில்லை, தொழிலாளியும் அறியவில்லை. 1880-இல் வந்து சேர்ந்த ஹாரி மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளர்தான் அந்தப் பூஞ்சணத்தின் வாழ்க்கையை நுண்ணோக்கியில் தொடர்ந்து, அதன் வித்திகளைக் காற்று சுமந்து செல்வதையும், இடைவெளியின்றி ஒரே பயிரை மலைமலையாக நட்டதே நோய்க்கு வழிவிட்டது என்பதையும் எடுத்துக் காட்டினார். அதற்குள் கோப்பியின் காலம் முடிந்துகொண்டிருந்தது. 1867-இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கோப்பியோடு ஆயிரக்கணக்கான தொழிலாளரின் வாழ்வும் சரிந்தது என்பதை வரலாற்று நூல்கள் அடிக்குறிப்பாகவே சொல்கின்றன. அனுபவத்துக்கு எட்டாத இடத்தை நுண்ணோக்கி எட்டியது. அந்த நுண்ணோக்கி நம் பிள்ளைக்கும் வேண்டும் என்பதுதான் வாதம்.

மரபின் பெயரால் அரசே பேசத் தொடங்கினால் என்ன நேரும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே நாளில் தடைசெய்யப்பட்டது. இயற்கை வேளாண்மை, முன்னோர் முறை என்றெல்லாம் அழகிய சொற்கள் கூறப்பட்டன. நவம்பரில் தடை திரும்பப் பெறப்பட்டது. இடையில் விளைச்சல் குறைந்த மலைகளில் அன்றன்றைய எடைக்கு ஈடு கொடுக்க முடியாமல் திண்டாடியவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இயற்கை உரம் கெட்டது என்பதன்று இங்கே பேச்சு. மண்ணைச் சோதிக்காமல், கட்டம் கட்டமாகப் பரிசீலிக்காமல், தொழிலாளியையும் விவசாயியையும் கேளாமல் மரபைக் கட்டளையாக்கினால் அது மரபுமாகாது, விஞ்ஞானமுமாகாது.

உயிர்போகும் விஷயம் ஒன்று இதில் உண்டு. மலைச்சரிவில் கான் வெட்டுபவனுக்கு நீர் எங்கே கசிகிறது, மண் எங்கே பிளக்கிறது என்பது தெரியும். 2014-ஆம் ஆண்டு ஒக்டோபர் 29-ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது, மக்களை அப்புறப்படுத்துங்கள் என்று தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்தது. அறிக்கை அலுவலகத்தில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தார்கள். அந்த அறிக்கையை வாசித்து, சரிவின் கோணத்தையும் மழையின் அளவையும் தாமே கணக்கிட்டு, 'நாங்கள் இங்கே இனி ஒரு நாளும் இருக்கமாட்டோம். வேறு காணி தாருங்கள்' என்று ஆதாரத்தோடு கேட்கக்கூடிய பத்து இளைஞர் அத்தோட்டத்தில் இருந்திருந்தால்? அறிவு மட்டும் இருந்தால் காணி கிடைத்துவிடும் என்று நாம் நம்பவில்லை. காணியைக் கேட்க அமைப்பு வேண்டும், போராட்டம் வேண்டும். ஆனால் மழைமானியை வாசிக்கத் தெரிந்தவனின் போராட்டத்தை அலட்சியம் செய்வது எளிதன்று.

பிறநாட்டு முயற்சிகளுக்கு இப்போது வருவோம். 1976-இல் ஹொக்குலேயா என்ற இரட்டைப் படகு திசைகாட்டும் கருவி ஏதுமின்றி ஹவாயிலிருந்து தகித்தி வரை சென்றது. மைக்ரோனேசியாவின் சதவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாலுக் விண்மீன்களையும் அலைகளையும் கொண்டே அதற்கு வழிகாட்டினார். ஹவாய்ப் பள்ளிகளில் வானியலையும் கடலியலையும் கற்பிக்கும் வழியாக அப்படகு பின்னர் மாறியது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, மரபறிவை அவர்கள் புகழ்ந்து பேசி நிறுத்தாமல் கடலில் இறக்கிச் சோதித்தார்கள் என்பதே. அலாஸ்காவில் 1995-இல் ஆங்கரேஜ் பல்கலைக்கழக வளாகத்தில் பூர்வகுடி இளைஞருக்கென ஒரு விஞ்ஞான பொறியியல் திட்டம் தொடங்கப்பட்டது. உயர்நிலைப் பள்ளி மாணவர்க்குக் கணினியின் பாகங்களைக் கொடுத்து அவர்களையே பூட்டச் செய்வார்கள். உயர்கணிதமும் இரசாயனமும் பௌதிகமும் முடித்தால் அந்தக் கணினி அவர்களுக்கே சொந்தம். எங்கள் பண்பாட்டுக்கு இலகுவான விஞ்ஞானம் போதும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. மிகக் கடினமான பாடத்தையே கேட்டார்கள். மலையகத்துக்கு நாம் கடன்வாங்க வேண்டியது இதையே.

நமக்கு இன்னும் அண்மையில் இருந்த சோதனை மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்தில் நடந்தது. 1972-இல் பதினாறு கிராமப் பள்ளிகளில் தொடங்கி, 1978-இல் மாவட்டம் முழுவதும் பரவிய அந்த விஞ்ஞானக் கற்பித்தல் திட்டத்தில், பிள்ளைகள் வயலுக்குப் போனார்கள், பூச்சிகளைப் பிடித்தார்கள், மலிவான பொருள்களால் கருவி செய்தார்கள், புத்தகத்தில் விடையில்லாத கேள்விகளுக்குப் பரிசோதனையால் விடை கண்டார்கள். பரீட்சை கூடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் பரீட்சையாக மாற்றப்பட்டது. முப்பது ஆண்டுகள் நடந்தபின், 2002-இல் அரசு அதை மூடிவிட்டது. நல்ல திட்டங்கள் தோற்று இறப்பதில்லை. பெரும்பாலும் அவற்றைக் கொல்லுகிறார்கள். எனவே ஒரு தொண்டு நிறுவனத்தின் மூன்றாண்டுப் பணத்தில் நிற்கும் திட்டத்தின்மேல் மலையகத்தின் விஞ்ஞானக் கல்வியைக் கட்ட முடியாது.

மொழியைப் பொறுத்தவரை நமக்குக் குறையில்லை. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் மொழிபெயர்த்துத் தமிழிலேயே கற்பித்தார். இலங்கையில் உயர்தரம் வரை பௌதிகத்தையும் இரசாயனத்தையும் உயிரியலையும் தமிழில் கற்க முடிகின்றது. தமிழகத்து நண்பர்கள் இதைக் கேட்டு வியப்பதுண்டு. அவ்விதம் கற்பிக்க ஆசிரியர் வேண்டும் அல்லவா? நுவரெலியா மாவட்டத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை சொற்பம். ஹற்றன் ஹைலண்ட்ஸ் கல்லூரி போன்ற ஒருசில இடங்களை நோக்கித் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் பஸ்ஸிலும் கால்நடையாகவும் வருகிறார்கள். வர இயலாதவர்கள் கலைப்பிரிவில் சேர்கிறார்கள், அல்லது கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள். கலைப்பிரிவைத் தேர்ந்தெடுத்தான் என்று புள்ளிவிபரம் சொல்லும். தேர்ந்தெடுக்க அவனுக்கு முன்னால் இரண்டாவது கதவு இருந்ததா? கொத்தகலை பத்தனையில் உள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரி மலையக ஆசிரியர்களை உருவாக்கவென எழுந்தது. அங்கே உருவாகும் கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் மலையகத் தோட்டப் பாடசாலைகளிலேயே நிலைத்துப் பணியாற்றுவதற்கு வேண்டிய குடியிருப்பையும் வசதியையும் கேட்பது, பண்பாட்டு விழா ஒன்று நடத்துவதை விடப் பண்பாட்டுக்குச் செய்யும் பெரிய தொண்டு.

ஆசிரியர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நீர் கொதிக்கும் வெப்பநிலையை நுவரெலியாவில் ஒரு பாடசாலையும், ஹற்றனில் ஒன்றும், கீழே கினிகத்தேனையில் ஒன்றும் ஒரே வாரத்தில் அளந்து ஒன்றுக்கொன்று எழுதி அனுப்பலாம். கவ்வாத்து வெட்டிய மலையில் எத்தனை நாளில் துளிர் வருகிறது என்று உயரத்துக்கு உயரம் குறித்து வைக்கலாம். வேலை முடிந்து வரும் தாய்மாரை வகுப்பறைக்கு அழைத்து, அவர்கள் சொல்வதை மாணவர் எழுதிக்கொள்ளலாம். ஓர் ஊரில் சொன்னதை இன்னோர் ஊரில் சோதிக்கலாம். தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும் சுற்றுலாவோடு நில்லாது, அங்குள்ள விஞ்ஞானிகள் மாதம் ஒருமுறை தோட்டப் பாடசாலைக்கு வந்து, இந்தக் குறிப்பேடுகளைத் திருத்தித் தரவேண்டும் என்று கேட்கலாம். பொதுப் பணத்திலும் தேயிலையின் மீதான வரியிலும் நடக்கும் நிறுவனத்திடம், அந்தத் தேயிலையைப் பறித்தவர்களின் பிள்ளைகள் கேட்பது யாசகமல்ல. முதல் குறிப்பேட்டில் 94 என்று எழுதியிருந்தால், அதைச் சிவப்பு மையால் 100 ஆக்கிவிடாத ஓர் ஆசிரியர் அந்தப் பாடசாலையில் இருக்க வேண்டும்.